தொடங்கத் திட்டம் உண்டு, வளர வழி உண்டா?
தலித் பெண்களின் சிறுதொழில் குறித்து



அன்னை மீனாம்பாள் சிவராஜ் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் கடன், மானியம், டெண்டர் என்று பேச வந்திருக்கிறோம். இலக்கிய மேடைக்கு இது பொருந்துமா என்று சிலருக்குத் தோன்றலாம். பொருந்தும் என்பது எங்கள் எண்ணம். மீனாம்பாள் 1904இல் பிறந்தது ரங்கூனில். அவருடைய பாட்டனார் பெ.மா. மதுரைப் பிள்ளை அங்கே பெயர்பெற்ற வணிகர், கொடையாளர். ஒரு தலித் குடும்பத்தின் வணிகம் பிறந்த மண்ணில் வளராமல் கடலுக்கு அப்பால் வளர்ந்தது ஏன் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு செய்தி உங்களில் பலருக்குத் தெரிந்ததே. அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துவிட்டு 1917இல் நாடு திரும்பினார். பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் பம்பாய் வந்த பிறகு, பிழைப்புக்காகப் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவர் தீண்டப்படாத சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றுபோனது. நிறுவனமும் நின்றது. படிப்பு இருந்தது, திறமை இருந்தது, உழைக்கும் மனம் இருந்தது. வாடிக்கையாளர்தான் இல்லை.

நூறு ஆண்டுக்குப் பிறகும் தலித் பெண்களின் சிறுதொழில் பற்றிய பேச்சு இந்த இடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. கடன் கொடுத்தால் தொழில் வளர்ந்துவிடும் என்று அரசும் வங்கியும் சொல்கின்றன. கடன் தேவை. ஆனால் தொழில் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்த்தால், அங்கே பணத்தோடு சாதியும் நிற்கிறது.

ஒரே அளவில் நிற்கும் கடைகள்

நாங்கள் வட மாவட்டங்களில் பெண்களோடு வேலை செய்கிறோம். அவர்கள் செய்யும் தொழில்களைச் சொன்னால் உங்களுக்கு உங்கள் தெருவே நினைவுக்கு வரும். இட்லிக் கடை, சாயங்கால வடை, போண்டா, தையல், பால்மாடு, ஆடு, கோரைப்பாய், துடைப்பம், கருவாடு. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் என்றால் வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுப்பது. இவர்களை அரசு ஆவணங்கள் இப்போது தொழில்முனைவோர் என்று அழைக்கின்றன. அழைக்கட்டும், அது மரியாதையான சொல்தான்.

நாங்கள் பார்த்த ஒரு பொதுவான தன்மையைச் சொல்கிறோம். பத்து ஆண்டாக நடக்கும் இட்லிக் கடை. முதல் ஆண்டு ஒரு நாளைக்கு எத்தனை படி அரிசி ஊறவைத்தாரோ, பத்தாம் ஆண்டும் ஏறத்தாழ அதே அளவு. கடை காலனி முனையில் இருக்கிறது. பேருந்து நிறுத்தம் கூப்பிடு தூரத்தில். அங்கே கடை போட்டால் மூன்று மடங்கு விற்கும் என்று அந்த அக்காவுக்கே தெரியும். ஆனாலும் கடை நகரவில்லை. கேட்டால், “நமக்கு இங்கதாம்மா சரி” என்கிறார். அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு ஊரின் அமைப்பு முழுவதும் இருக்கிறது.

2013-14இல் எடுக்கப்பட்ட ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு, நாட்டில் பெண்கள் நடத்தும் நிறுவனங்கள் சுமார் 80 லட்சம் என்றும், மொத்தத்தில் அவை 13.76 விழுக்காடு என்றும் சொன்னது. அவற்றில் ஐந்தில் நான்குக்கு மேல் கூலியாள் வைக்காமல் நடப்பவை. அதாவது அந்தப் பெண்ணே முதலாளி, அந்தப் பெண்ணே தொழிலாளி. அவருக்குக் காய்ச்சல் வந்தால் கடைக்கு விடுமுறை. பெண்கள் எல்லோருக்கும் உள்ள நெருக்கடி இது. தலித் பெண்ணுக்கு இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது.

சிசு சிசுவாகவே இருக்கிறது

திட்டங்களைப் பார்ப்போம். முத்ரா திட்டம் 2015 ஏப்ரலில் வந்தது. 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று மூன்று படிகள். இப்போது தருணை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை நீட்டியிருக்கிறார்கள். கணக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்களுடையவை என்று அரசு பெருமையோடு சொல்கிறது. அதே நேரத்தில் கணக்குகளின் எண்ணிக்கையில் பெரும்பகுதி சிசுக் கடன்கள். 50,000 ரூபாயில் ஒரு கிரைண்டர், ஒரு அடுப்பு, கொஞ்சம் பாத்திரம், முதல் மாதச் சரக்கு வாங்கலாம். கடை தொடங்கலாம். குழந்தை என்று பெயர் வைத்த கடன், குழந்தை வளர்வதற்கான அடுத்த படியைக் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறது.

மறுமுனையில் ஸ்டாண்ட் அப் இந்தியா. 2016 ஏப்ரலில் தொடங்கி 2025 வரை நீட்டிக்கப்பட்ட திட்டம். 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை கடன். ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கும், குறைந்தது ஒரு பெண்ணுக்கும் தர வேண்டும் என்பது விதியாக இருந்தது. ஆனால் முதல்முறையாகத் தொடங்கும் புதுத் தொழிலுக்கு மட்டும். 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் 5 லட்சம் பேருக்கு என்று அறிவித்த 2 கோடி வரையிலான கடனும் முதல்முறைத் தொழில்முனைவோருக்கே.

இப்போது அந்த இட்லிக் கடை அக்காவை இந்த வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். அவர் தொடங்கிப் பத்து ஆண்டு ஆகிவிட்டது, ஆகவே புதியவர் அல்ல. சிசுக் கடனைக் கட்டி முடித்துவிட்டார். அவருக்குத் தேவை இரண்டு மூன்று லட்சம். சாலையோரம் ஒரு கடைக்கு முன்பணம், ஒரு மாவரைக்கும் இயந்திரம், உதவிக்கு ஓர் ஆள். இந்த நடு இடத்தில்தான் மைக்ரோ ஃபைனான்ஸ் வந்து உட்கார்ந்திருக்கிறது. வாரத் தவணை, கூட்டு ஜாமீன், ஒருத்தி கட்டாவிட்டால் பத்துப் பேர் அவள் வாசலில். வசூல் அடாவடியைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. வாரம் தவறாமல் கட்டுகிற பெண்ணைக் கடனுக்குத் தகுதியானவர் என்று வாரக் கடன்காரர் நம்புகிறார். அதே பெண்ணை வங்கி நம்பவில்லை.

எந்தப் பத்தியில் இருக்கிறாள்?

மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். ஸ்டாண்ட் அப் இந்தியாவில் 2023 மார்ச் வரை அனுமதித்த கணக்குகளை அரசு இப்படி வெளியிட்டது: பட்டியல் சாதியினர் 26,889, பழங்குடியினர் 8,960, பெண்கள் 1,44,787, மொத்தம் 1,80,636. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், மொத்தத்தோடு ஒன்று கூடப் பிசகாமல் ஒத்துப்போகிறது. இதற்கு என்ன பொருள்? ஒரு கணக்கு ஒரு பத்தியில்தான் வரும். ஒரு தலித் பெண் கடன் வாங்கியிருந்தால் அவர் பட்டியல் சாதி என்ற பத்தியில் இருப்பார், அல்லது பெண் என்ற பத்தியில் இருப்பார். தலித் பெண் என்று எங்கும் இல்லை.

மொத்தத்தில் 80 விழுக்காடு பெண்கள் பத்தி. அந்த 1,44,787 பேரில் தலித் பெண்கள் எத்தனை பேர் என்று இந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. 26,889 பேரில் எத்தனை பேர் பெண்கள் என்பதும் தெரியாது. சாதியாலும் பாலினத்தாலும் ஒருசேர ஒடுக்கப்படுகிறவள் என்று நாம் கோட்பாடாக எழுதுகிறோமே, அந்தக் கோட்பாடு அரசின் அட்டவணையில் இப்படி ஒரு கோட்டுக்கு இடையில் காணாமல் போகிறது. கிளை மேலாளருக்கோ ஒரு பெண், ஒரு தலித் என்று இரண்டு கட்டங்களை நிரப்பினால் போதும் என்றிருந்தது. அந்தப் பெண் ஆதிக்கச் சாதிப் பெண்ணாகவும், அந்தத் தலித் ஆணாகவும் இருந்தால் விதி முழுமையாக நிறைவேறிவிடும். எந்த விதியும் மீறப்படவில்லை, ஒரு தலித் பெண்ணும் உள்ளே வரவில்லை.

தலித் கிறித்தவப் பெண்களின் நிலை இன்னும் மோசம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர்கள் பட்டியல் சாதியே இல்லை. வாழ்வது அதே காலனியில், சாலையோரக் கடைக்குப் போக முடியாத தடையும் அதே தடை. சான்றிதழ் மட்டும் வேறு.

பிணை என்று கேட்பது நிலத்தை

“என்னம்மா சொத்து இருக்கு? யாரு ஜாமீன் போடுவாங்க?” வங்கிப் படியேறிய எல்லாப் பெண்களும் கேட்ட கேள்வி இது. குறு, சிறு தொழிலுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆனாலும் கேட்கிறார்கள். வாய்மொழியாகக் கேட்பதால் ஆதாரம் இருப்பதில்லை.

அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க ஆங்கில அரசு முடிவெடுத்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்தப் பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது இந்த அரங்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தைப் பறித்துக்கொண்ட சமூகம், பேத்தியிடம் வந்து பிணைக்குப் பத்திரம் எங்கே என்று கேட்கிறது. ஆகவே பஞ்சமி நில மீட்பும் பெண்ணின் தொழில் கடனும் ஒரே கோரிக்கையின் இரண்டு பக்கங்கள். வீட்டுமனைப் பட்டாவும் மீட்ட நிலமும் பெண் பெயரில் இருக்க வேண்டும் என்று நாம் சேர்த்தே கேட்க வேண்டும்.

இங்கே பயன்படும் இன்னொரு விதி, பலருக்குத் தெரியாதது. பட்டியல் சாதியினரின் கடன் விண்ணப்பத்தைக் கிளை அளவிலேயே நிராகரித்துவிடக் கூடாது, அடுத்த மேல்நிலை அலுவலகமே அதைச் செய்ய வேண்டும், காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை சொல்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? விண்ணப்பத்தையே வாங்குவதில்லை. “அடுத்த மாசம் வாங்க” என்கிறார்கள். வாங்காத விண்ணப்பத்தை நிராகரித்ததாக எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

தமிழ்நாட்டு அரசு 2023இல் அறிவித்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இந்தச் சிக்கலை ஓரளவு உணர்ந்து வகுக்கப்பட்டது. முதலீட்டில் 35 விழுக்காடு மானியம், மீதி வங்கிக் கடன், வட்டியில் 6 விழுக்காடு மானியம். இருக்கிற தொழிலை விரிவாக்கவும் கேட்கலாம். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நல்ல திட்டம் என்றே சொல்கிறோம். ஆனால் இதிலும் தலித் பெண்களுக்கு எத்தனை, ஆண்களுக்கு எத்தனை என்று மாவட்ட வாரியாகக் கணக்குக் கேட்பது நம் பொறுப்பு.

சமைத்த கையும் சந்தையும்

கடன் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி வாடிக்கை வேண்டும். 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் போராடினார்கள். 2023இல் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், காலை உணவைத் தலித் பெண் சமைத்தார் என்பதற்காகச் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. அரசு சம்பளத்தில், அரசு அரிசியில், அரசுக் கட்டடத்தில் சமைத்தவருக்கே இந்த நிலை. சொந்தக் காசு போட்டு ஊர்ச் சாலையில் உணவுக்கடை வைக்கும் பெண்ணுக்கு எப்படி இருக்கும்?

யாரும் வந்து கடையை உடைக்க வேண்டியதில்லை. வாங்காமல் கடந்து போனால் போதும். கடைக்கு இடம் கேட்டால் “வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்” என்றால் போதும். அதனால்தான் எங்கள் பெண்களில் பலர் தையல், துடைப்பம், பாய் போன்ற தொழில்களில் தங்கிவிடுகிறார்கள். பொருளை இடைத்தரகர் வாங்கிப் போவார், செய்த கை யாருக்கும் தெரியாது, லாபமும் கைக்கு வராது. கை தெரிந்தால் வாடிக்கை போகும், கை மறைந்தால் விலை போகும்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பட்டியல் சாதியினர் தொழிலோ வணிகமோ செய்வதைத் தடுப்பதையும், பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியிருக்கிறது. சாதி காரணமாகக் கடைக்கு இடம் தர மறுப்பதையும், ஊர்கூடி வாங்காதே என்று கட்டுப்பாடு விதிப்பதையும் இதன்கீழ் கொண்டுவர வழி இருக்கிறது. கொலைக்கும் வன்புணர்வுக்கும் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தப் பழகியிருக்கிறோம். கடைக்கும் பயன்படுத்தப் பழக வேண்டும். நகரங்களில் சாலையோர வியாபாரிகள் சட்டம், 2014 இருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இருக்க வேண்டும், பட்டியல் சாதியினருக்கும் உரிய இடம் வேண்டும் என்கிறது அது. உங்கள் ஊர் நகராட்சியில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

அரசே வாங்கட்டும்

சாதி பார்க்காமல் வாங்கக் கடமைப்பட்ட வாடிக்கையாளர் ஒருவர் உண்டு, அவர் அரசு. 2012ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் கொள்கைப்படி மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். அதில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம். 2018இல் 3 விழுக்காடு பெண்களிடம் என்று சேர்த்தார்கள். இங்கும் இரண்டு பத்திகள்தான். அந்த 4 விழுக்காட்டுக்கு வெகு கீழேயேதான் கொள்முதல் நிற்கிறது என்பதை அரசின் சொந்தப் புள்ளிவிவரங்களே காட்டுகின்றன.

உத்யம் பதிவு இருந்தால் டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டியதில்லை. பதிவும் இலவசம்தான், அதற்கு யாருக்கும் காசு தரத் தேவையில்லை. பொருள் தயாரித்துக் கொடுத்தவருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். ஒரு சீருடைத் தையல் குழுவுக்கு ஆறு மாதம் பணம் வராமல் போனால் குழு கலைந்துவிடும். இந்தச் சட்டம் தெரிந்திருந்தால் கலையாமல் காக்க முடியும்.

தோழர்கள் கேட்கும் கேள்வி

“எல்லோரையும் குட்டி முதலாளி ஆக்குவதா விடுதலை? அரசு வேலையும் நிலமும் கேட்பதை விட்டுவிட்டு மானியத்துக்கு வரிசையில் நிற்கச் சொல்கிறீர்களா?” நியாயமான கேள்வி. இடஒதுக்கீட்டையும் நிலத்தையும் கைவிட்டு நீயே முன்னேறு என்று சொல்லும் பேச்சு இன்று பலமாக இருக்கிறது. 2013இல் பத்மஸ்ரீ பெற்ற கல்பனா சரோஜ் அவர்களின் வாழ்க்கையைக் காட்டி, அவரால் முடிந்தது உன்னால் ஏன் முடியாது என்கிறார்கள். அவருடைய உழைப்பை வணங்குகிறோம். ஆனால் ஒருவர் மதில் ஏறிக் குதித்தார் என்பதற்காக மதிலை விட்டுவைக்க முடியாது.

நாங்கள் சொல்வது எளிமையானது. இந்தப் பெண்கள் ஏற்கெனவே தொழிலில் இருக்கிறார்கள். நாம் கோட்பாட்டு விவாதத்தை முடிக்கும்வரை அவர்கள் காத்திருக்க முடியாது. விடியற்காலை நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டும். ஆதிக்கச் சாதிக்காரர் வயலில் கூலிக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லாத பெண், ஊர்ப் பஞ்சாயத்தில் நிமிர்ந்து பேசுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். வழக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்காமல் நின்றவர்களில், சொந்தமாக ஒரு கடையோ இரண்டு மாடோ வைத்திருந்தவர்கள் உண்டு. தங்கள் வருமானத்தை எதிரியின் கையில் வைக்காதவர்கள் அவர்கள். அதனால்தான் இதை அரசியல் என்கிறோம்.

நம் கையில் உள்ள வேலை

செயல்பாட்டாளர்களுக்கும் மாணவர்களுக்கும் சில வேலைகளைச் சொல்கிறோம்.

முதலாவது, எண்ணுவது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தாட்கோ, மாவட்டத் தொழில் மையம், முன்னோடி வங்கி ஆகியவற்றிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: பயனாளிகளில் பட்டியல் சாதிப் பெண்கள் எத்தனை பேர், சராசரித் தொகை என்ன? பதில் இல்லை என்றால், அந்தப் பத்தி இல்லை என்பதையே எழுத்தில் வாங்குங்கள். சமூகவியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வேடு கிடையாது.

இரண்டாவது, கூடப் போவது. வங்கிக்குத் தனியாகப் போகும் பெண்ணுக்குக் கிடைக்கும் பதில் வேறு, இரண்டு பேர் கூடப் போனால் கிடைக்கும் பதில் வேறு. விண்ணப்பத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அதற்குப் பிறகு மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, எழுதிக் கொடுப்பது. திட்ட அறிக்கை, கொட்டேஷன், உத்யம் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, தினசரி வரவுசெலவு நோட்டு. ஏஜென்டுகள் இவற்றுக்குத்தான் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். சிறு உணவுக்கடைக்குப் பதிவுக் கட்டணம் மிகக் குறைவுதான். கல்லூரி முடித்த பிள்ளைகள் ஊருக்கு இருவர் உட்கார்ந்தால் இந்த வேலை நடந்துவிடும். படிப்பகங்களில் வாரம் ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்குங்கள்.

நான்காவது, வாங்குவது. ஏப்ரல் 14 விழாக்கள், மாநாடுகள், நூல் வெளியீடுகள், நம் வீட்டுத் திருமணங்கள் என்று நம் இயக்கங்கள் ஆண்டு முழுவதும் செலவு செய்கின்றன. சாப்பாடு, பேனர், பை, சீருடை, பந்தல். இவற்றில் ஒரு பங்கைத் தலித் பெண்களின் தொழில்களிடம் வாங்குவது என்று ஒவ்வோர் அமைப்பும் தீர்மானம் போட வேண்டும். விலை பேசுங்கள், தரம் கேளுங்கள், ஆனால் பணத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். தோழர் என்பதற்காகக் கடன் சொல்லாதீர்கள்.

அண்ணலின் நிறுவனத்துக்கு இல்லாமல் போனது வாடிக்கையாளர் என்று சொன்னோம். அந்த வாடிக்கையாளராக நாம் இருக்கலாம். அரசை அப்படி இருக்கும்படி கட்டாயப்படுத்தலாம். காலனி முனையில் இருக்கும் கடை பேருந்து நிறுத்தத்துக்கு வரும் நாளில், அந்தப் பெண்ணோடு நாலு பேர் நிற்க வேண்டும், நாற்பது பேர் வாங்க வேண்டும். மீனாம்பாள் பெயரில் கூடியிருக்கும் நாம் இன்று இதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு கலைவோம்.